நம்ம ஊருக்கு மேயர் யார்? பாட்டி சொன்ன பதில்

வணக்கம் மக்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில், ஒட்டுக்கடை எனும் சாலையோரக் கடை ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் லாரி சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். தே தாரேக், அதாவது ஆற்றிய பால் டீ, வந்துவிட்டது. சரி, ஆரம்பிப்போம்.

காலையில் அம்மா ஒரு பில்லைக் கையில் திணித்து, "இதைக் கட்டிட்டு வந்துடு" என்றார். இதோ, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். முகவரியை மட்டும் விரலால் மறைத்துக்கொள்கிறேன். சுக்காய் பிந்து, அதாவது வீட்டு வரி. பிப்ரவரி கடைசிக்குள் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒரு தடவை. தலைப்பைப் பாருங்கள்: மஜ்லிஸ் பெர்பண்டாரான் கோல கங்சார், அதாவது கோல கங்சார் நகராண்மைக் கழகம். நாம் குடியிருப்பது சுங்கை சிப்புட்டில், வரி போவது கோல கங்சாருக்கு. நம்ம ஊருக்கென்று தனி நகராண்மைக் கழகம் கிடையாது. மேயரும் கிடையாது. மாநகரம் என்றால்தான் டத்தோ பண்டார், மேயர். ஈப்போ 1988இல் மாநகரமானது, அங்கே மேயர் உண்டு. மற்ற இடங்களில் அதே நாற்காலிக்கு யாங் டிபெர்துவா, தலைவர் என்று பெயர்.

இதைப் பாட்டியிடம் சொன்னால் சிரிக்கிறார். "மேயரா? தோட்டத்துல எங்களுக்குப் பெரிய தொரைதான்யா எல்லாம்." பெரிய தொரை என்றால் ரப்பர் தோட்டத்து மேலாளர். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர், விளக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, மருந்து, குப்பை எல்லாமே கம்பெனி நிலத்துக்குள். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடுவது தொடங்கி, கூரை ஒழுகினால் யாரிடம் போவது என்பதுவரை கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்) வழியாகத் துரைக்குத்தான் போகும். பாட்டிக்கு ஊராட்சி என்றால் அந்த பங்களாதான்.

அதே காலத்தில் பினாங்கில் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். போருக்குப் பிறகு மலாயாவின் முதல் ஊராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் நடந்தது. 1957 ஜனவரி முதல் தேதி அது மாநகரமானது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களை அனுப்ப, அவர்கள் தங்களுக்குள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாற்காலியில் 1961 வரை உட்கார்ந்திருந்தவர் தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன். நம்ம ஆள்! இன்றும் பினாங்கில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் நானே எத்தனை தடவை போயிருக்கிறேன், பெயர்ப்பலகையை ஒரு நாளும் நின்று படித்ததில்லை.

அப்புறம் 1965. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரம். மார்ச் மாதத்தில் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். தற்காலிகம்தான் என்று பேச்சு. ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க ஓர் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஆமாம், மறுபடியும் ஒரு தமிழர். அவருடைய மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணி படையில் இருந்தவர். ஆணையம் ஊரூராய்ப் போய் விசாரித்துவிட்டு, தேர்தல் திரும்ப வரவேண்டும் என்றுதான் அறிக்கை கொடுத்தது. அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 1976இல் வந்த ஊராட்சிச் சட்டத்தில் தேர்தலே இல்லை. தலைவரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் தேர்தல் வேண்டும். ஆனால் தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. கட்சிக்காரர்கள்தான் நிற்பார்கள், கொடி கட்டுவார்கள். இருந்தாலும் லோங்காங், அதாவது சாக்கடை, அடைத்துக்கொண்டால் யார் வாசலில் போய் நிற்பது என்றாவது தெரியும். நியமனத்திலும் நல்ல ஆள் வரமாட்டார் என்றில்லை. 2023இல் பினாங்குத் தீவின் மேயராக நியமிக்கப்பட்ட டத்தோ ஏ. ராஜேந்திரன் அந்த மாநகராண்மைக் கழகத்துக்குள்ளேயே வேலை பார்த்து மேலே வந்தவர்.

இதையெல்லாம் பாட்டிக்குச் சொல்லி முடித்தேன். காதில் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இப்ப இருக்குற அந்தத் தலைவருக்கு நாம ஓட்டுப் போட்டமா?" இல்லை பாட்டி என்றேன். "அப்ப தொரை மாதிரிதான்."

முழுக்க அப்படி இல்லை, பாட்டி. துரை பங்களாவுக்குள் என்ன பேசினார் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில், மன்றம் தனியாகத் தீர்மானம் போட்டால் ஒழிய, கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. நான் இதுவரை ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. நீங்கள் யாராவது போயிருக்கிறீர்களா?

சரி, தே தாரேக் ஆறிவிட்டது. கவுண்டரை மதியம் மூடுவதற்குள் போக வேண்டும். வரி கட்டும்போதே அடுத்த கூட்டம் எந்தத் தேதி, பார்வையாளர்கள் எந்த வாசல் வழியாகப் போவது என்று கேட்டுவிடுகிறேன். பாட்டியும் வருகிறேன் என்கிறார்.