இன்சூரன்ஸ் இல்லை என்று முதலாளி சொன்னால்

(அம்பத்தூரில், தகடு வெட்டி அழுத்தும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டும் தொழிலாளர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

விரல் போனவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். முதலாளி வந்து நிற்கிறார். "தம்பி, நம்ம பட்டறைக்கு இன்சூரன்ஸ் போடலப்பா. இருபதாயிரம் இருக்கு, வெச்சுக்க. இதுல ஒரு கையெழுத்து போடு." வலது கையில் கட்டுப் போட்டவனிடம் இடது கையால் கையெழுத்து வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

1923ஆம் ஆண்டிலேயே வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அந்தச் சுமையை முதலாளியின் தலையில்தான் வைத்தது. இன்சூரன்ஸ் என்பது அந்தச் சுமையை அவர் இறக்கி வைக்கும் இடம். இறக்க இடம் தேடாதவர் தானே சுமக்கட்டும். அதன் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயமும் இதையேதான் சொல்கிறது.

இருபதாயிரம் நியாயமா? பழைய சட்டத்தின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வயது 30, சம்பளம் மாதம் 15,000, கட்டை விரல் முழுதாகப் போய்விட்டது. சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கான பெருக்கு எண் 207.98. பெருக்கினால் 18,71,820. கட்டை விரலுக்கு அட்டவணையில் 30 சதவீதம். ஆக 5,61,546 ரூபாய்! இருபதாயிரத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று பயப்படாதீர்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்த காகிதம் செல்லாது என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்லிவிட்டது. "கான்ட்ராக்டர் ஆள்" என்று கைகழுவினாலும், கம்பெனிக்காரரிடமே கேட்க அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு வழி வைத்தது. "மெஷினின் பாதுகாப்புத் தடுப்பை, அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டினான்" என்பார்கள். உற்பத்தி வேகத்துக்காக சூப்பர்வைசர் கழற்றச் சொன்னதை உங்கள் தவறாக ஆக்க விடாதீர்கள். கூட வேலை பார்த்தவர் சாட்சி சொல்ல முன்வர வேண்டும். பெரும்பாலான வழக்குகள் நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம், சம்பளமும் 21,000க்குள் என்றால், முதலில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம்) அலுவலகத்துக்குப் போங்கள். முதலாளி பணம் கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும், கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 68ஆம் பிரிவே இடம் தந்தது.

இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராதவர்கள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் நஷ்டஈடு தராத முதலாளி 12 சதவீத வட்டி கட்ட வேண்டும். தகுந்த காரணம் இல்லையென்றால் பாதித் தொகை வரை அபராதமும் விழும். உத்தரவு வந்தும் தராவிட்டால், நிலவரிப் பாக்கியைப் போல ஜப்தி செய்து வசூலிக்கலாம்.

ஆஸ்பத்திரியில் "வீட்டில் அடிபட்டது" என்று எழுத விடாதீர்கள்; வேலையிடத்தில் பட்ட காயம் என்றே பதியச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, எதுவும் இல்லையென்றால் மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஷிப்டு மெசேஜ், இவற்றில் எது கையில் இருந்தாலும் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். மனுவை இன்றைக்கே எழுத உட்காருவோம்.