எல்லாரும் இறங்கும்போது ஏறுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு ஊர் குன்னூர். மலையில் வீடு இருந்தால் மே மாதத்தில் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். போன வருஷம் மதுரையிலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். மலர்க் கண்காட்சி நடக்கிற வாரம், அதிலும் சனிக்கிழமை. இட்லி சாப்பிட்டு, குழந்தைகளைக் குளிப்பாட்டி, நிதானமாகப் பத்து மணிக்குக் காரை எடுத்தார்கள். குன்னூரிலிருந்து ஊட்டி இருபது கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு ஊட்டி நடுவிலுள்ள சேரிங் கிராஸ் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தவர், "மச்சான், ஊட்டியில முன்னால போன பஸ்ஸோட முதுகைத்தான் பார்த்தோம்" என்றார்.

அவர் செய்த தப்பு ஊட்டிக்குப் போனது அல்ல, பத்து மணிக்குக் கிளம்பியது. கூட்டத்துக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு நாள் பயணமாக வருகிறவர்கள் பர்லியாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி, பத்து பதினொரு மணிக்குள் ஊட்டியை நிரப்பிவிடுவார்கள். பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று சுற்றிவிட்டு நாலு மணிக்கு மேல் இறங்கத் தொடங்குவார்கள். இந்த நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

தாவரவியல் பூங்கா காலை 7 மணிக்கே திறந்துவிடும். அந்த நேரத்தில் உள்ளே போய்ப் பாருங்கள். புல்வெளியில் பனித்துளி அப்படியே இருக்கும், தோட்டக்காரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு போவார்கள், செல்ஃபி எடுக்க ஆளே இருக்காது. 1848-இல் போட்ட தோட்டம் அது. அங்கே கிடக்கிற கல்மரத்துக்கு 2 கோடி வருஷம் வயது என்று சொல்கிறார்கள். மதியம் போனால் அதைச் சுற்றி நிற்கிறவர்களின் முதுகுதான் தெரியும். தொட்டபெட்டாவுக்கும் முற்பகலிலேயே போய்விடுங்கள். 2,637 மீட்டர் உயரம். மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் உயரமாவது பள்ளமாவது, எல்லாம் வெள்ளைதான்.

அடுத்து, கிழமை. வெள்ளி ராத்திரி ஏறி ஞாயிறு மாலை இறங்குவது ஊர் வழக்கம். நீங்கள் ஞாயிறு மாலை ஏறுங்கள், புதன்கிழமை இறங்குங்கள். சீசனில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். அப்படி ஒருவழிப்பாதை இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே போகிற நெரிசல் உங்கள் எதிரே வராது. அறை வாடகையும் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி. 2025 சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வந்தால் பாஸ் தேவையில்லை. காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறினால் பார்க்கிங் தேடும் வேலையும் மிச்சம்.

ரயிலைப் பற்றிக் கேட்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படுகிற வண்டியில் டிக்கெட் கிடைத்தால் யோகம். பல்சக்கரத்தில் ஏறுகிற அந்த அழகு கல்லாறு முதல் குன்னூர் வரைதான். அது கிடைக்கவில்லை என்றால் குன்னூரிலிருந்து காலையில் ஊட்டி போகிற முதல் ரயிலைப் பிடியுங்கள். டீசல் எஞ்சின்தான், பரவாயில்லை. கேத்தி ஸ்டேஷனை நெருங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் போதும். பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகக் கேரட் தோட்டம்.

சரி, எந்த மாதம்? இரண்டாவது சீசன் என்று செப்டம்பர், அக்டோபரைச் சொல்வார்கள். நல்ல மாதங்கள்தான், ஆனால் மூன்று மாநிலம் சேருகிற மூலையில் இருக்கிறது நீலகிரி. நம் காலண்டரை மட்டும் பார்த்து வருகிறவர்கள் ஓணம் விடுமுறையிலும் மைசூர் தசரா விடுமுறையிலும் மாட்டிக்கொள்வார்கள். ஆயுத பூஜையை ஒட்டி மூன்று நாள் லீவு வந்துவிட்டால் மே மாதம் தோற்றது. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வடகிழக்கு மழை குன்னூர் பக்கத்தைத்தான் பிடிக்கும். மண் சரியும், ரயில் நிற்கும். ஜூன், ஜூலையில் கூடலூரும் அவலாஞ்சியும் நனையும், கோத்தகிரிப் பக்கம் மழை அவ்வளவு இருக்காது.

என்னைக் கேட்டால் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரி கடைசி. விடியற்காலை ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியில் உப்பு கொட்டினாற்போல் வெளுத்திருக்கும். காலை வைத்தால் நொறுநொறு என்று சத்தம் கேட்கும். வெயில் பட்டதும் புல்லிலிருந்து ஆவி கிளம்பும், அரை மணியில் எல்லாம் பச்சை. பூங்காவில் செடிகள் கருகாமலிருக்க அந்த மாதங்களில் கோத்தகிரி மலார் என்ற செடியை வைத்து மூடியிருப்பார்கள். பூ பார்க்க வருகிறவர்களுக்கு அது ஏமாற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கோத்தகிரியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்குத் தயக்கம். ரேடியோவில் சொல்லிக் கெடுத்துவிட்டான் என்று அந்த ஊர்க்காரர்கள் திட்டுவார்கள். ஊட்டியை உண்டாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் முதலில் வந்து வீடு கட்டியது கோத்தகிரி பக்கத்தில், கண்ணேரிமுக்கில்தான். அது இப்போது காட்சியகம். நான் போன இரண்டு தடவையும் காவலரும் நானும்தான். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாறும் தெங்குமரஹடா வயல்களும் தெரியும்.

மைத்துனர் அடுத்த ஜனவரிக்கு வருவதாகப் போன் செய்தார். ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு எழுப்புவேன் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. வணக்கம்.