வானமும் கண்பழக்கம்

(வன்னிக் கிராமமொன்றின் வாசிகசாலை மண்டபத்தில் ஆற்றிய உரை)

தலைமை வகிக்கும் அதிபர் ஐயா அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, கதிரை அடுக்கித் தந்த இளைஞர் கழகத்துப் பிள்ளைகளே, தாய்மாரே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். தவிசாளர் அவர்கள் கூட்டம் முடியும்வரை இருப்பதாகச் சொன்னது பெரிய உபகாரம். அவரிடம் கேட்க ஒன்று உண்டு.

காசில்லாமல் இணையத்தில் வானியல் படிப்பது பற்றி மூன்று விடயம்: எதைப் படிப்பது, எப்படிப் பார்ப்பது, படித்துவிட்டு எந்தத் தொழிலுக்குப் போவது. ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்றார் ஔவையார். வானம் கண்பழக்கம்.

ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் 30 அத்தியாயம் கொண்ட வானியல் பாடநூல் முழுதும் இலவசம். ஆங்கிலம்தான், ஆனால் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளை அகராதியோடு சமாளிக்கும். ஒருமுறை இறக்கி வைத்தால் பிறகு டேட்டா செலவில்லை. நேரே கருந்துளைக்குப் பாய்கிறவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள். ஒளியும் நிறமாலையும் பற்றிய 5ஆம் அத்தியாயம் பிடிபடாமல் நட்சத்திரத்தின் வெப்பநிலை விளங்காது. கணக்குகளைக் கொப்பியில் செய்யுங்கள்.

அடுத்தது பார்ப்பது. வானத்தின் படத்தைப் போனில் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் இடத்தை வடக்கு 9.4 பாகை, கிழக்கு 80.4 பாகை என்று கொடுங்கள், அது கிளிநொச்சி. மேலைநாட்டுப் படங்களில் துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்கும். இங்கே அடிவானத்திலிருந்து 9 பாகைதான். கையை நீட்டி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஒரு பனையே மறைத்துவிடும். வடக்கே வெளியுள்ள குளக்கட்டுக்குப் போங்கள். தெற்கே நமக்குக் கொள்ளை லாபம். பால்வீதியின் மையம் லண்டனில் 10 பாகைகூட ஏறாது. இங்கே 50 பாகையைத் தாண்டும். அங்கே எழும்பவே எழும்பாத தெற்குச் சிலுவை என்ற விண்மீன் கூட்டம், வைகாசி முன்னிரவில் நமக்கு நிமிர்ந்து நிற்கும்.

கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். வெள்ளைத் திரையை ஒருதரம் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. செயலியில் இரவுநிலையைப் போட்டுத் திரையைச் சிவப்பாக்குங்கள். காந்தம் வைத்த போன் உறையும் பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளும் போனின் திசைகாட்டியைப் பிழையாகக் காட்ட வைக்கும்.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? 2007இல் கேலக்ஸி சூ என்ற திட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்கள் பார்த்து, இது சுருளா நீள்வட்டமா என்று சொல்ல வேண்டும். அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் ஹனி வான் ஆர்கெல், நெதர்லாந்தில் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரு மண்டலத்தின் படத்தைப் பார்க்கிறார். அதற்குக் கீழே ஒரு நீலத் திட்டு. சுருளுமில்லை, நீள்வட்டமுமில்லை. ‘நமக்கேன்’ என்று அடுத்த படத்துக்குப் போகவில்லை. இது என்ன என்று கேட்டார். பெரிய தொலைநோக்கிகள் திரும்பின, விண்வெளியில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கியும் படமெடுத்தது. ஏறத்தாழ 65 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், மங்கிப்போன ஒரு குவாசாரின், அதாவது பெருங்கருந்துளையைச் சுற்றிச் சுடர்விட்ட மண்டல மையத்தின், பழைய ஒளியில் இன்னும் ஒளிரும் வாயுமேகம்! இன்றைக்கு அதற்கு அந்த ரீச்சரின் பெயர். தாய்மாரே, அவரிடம் இருந்தது ஒரு கணினியும் கண்பழக்கமும்தான்.

தொழில் பற்றிப் பேச நேரமில்லை. அதைவிட அவசரம் தெருவிளக்கு. புது எல்ஈடி விளக்குகளின் வெள்ளை வெளிச்சத்தில் நீலம் அதிகம். நீலம் காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுப்பாக்கும். கண்ணுக்கு வானமே இல்லாவிட்டால் பழக்கம் எங்கிருந்து வரும்? விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. யானையும் பாம்பும் வருகிற ஊர், பெண்பிள்ளைகள் ரியூசன் முடிந்து வருகிற பாதை. நிலத்துக்கு விழவேண்டிய வெளிச்சம் வானத்துக்குப் போவதுதான் நட்டம்.

தவிசாளர் அவர்களே, குளக்கட்டு வீதியில் சாய்ந்து நிற்கும் விளக்குகளின் முகத்தை நிலத்துக்குச் சமாந்தரமாகத் திருப்பித் தாருங்கள். அதற்கு ஏணியும் ஸ்பானரும் போதும். இனி வாங்கும் விளக்குகளின் நிற அளவு 3000 கெல்வினுக்கு மேற்படாமல் (அது கூடினால் நீலமும் கூடும்), வெளிச்சம் மேலே போகாத மறைப்போடு இருக்கட்டும். மாணவர்களே, மாசி மாதத்து நிலவில்லா இரவில் ஓரியன் விண்மீன் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறதென்று, வானத்தின் இருளைப் பொதுமக்களைக் கொண்டு அளக்கும் குளோப் அட் நைட் திட்டத்தின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பதியுங்கள். விளக்கு திருப்ப முன்னும் பின்னும் எடுத்த கணக்கைச் சபைக்குக் கொடுப்போம். மனு வாசற்பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுத் தேநீருக்கு வாருங்கள்.