520 பைட் கேட்டால் 1024 ஏன் வருகிறது?

(திரையில்: கெர்னல் கோடில் ஒரே ஒரு வரி. கேமாலாக், 520 பைட்.)

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு டிரைவர் 520 பைட் மெமரி கேட்கிறது. கிடைப்பதோ 1024. கெர்னலில் மெமரி ஒதுக்கித் தரும் ஃபங்ஷன் கேமாலாக் (kmalloc). அதனிடம் 256, 512, 1024 என்று முன்கூட்டியே வெட்டிவைத்த அளவுகள்தான் உண்டு. 512-ஐ எட்டு பைட் தாண்டினாலும் அடுத்த அளவுதான். 4 கேபி மெமரிப் பக்கத்தில் (page) இப்படிப்பட்ட 7 ஆப்ஜெக்ட் வைக்க வேண்டிய இடத்தில் 4 மட்டுமே அடங்கும்.

அதனால் வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன், பல ஃபீல்டுகளைச் சேர்த்துவைக்கும் உங்கள் ஸ்ட்ரக்டைத் (struct) திறந்து பாருங்கள். ஒரு பைட் ஃபீல்டை அடுத்து 8 பைட் பாயிண்டர் வந்தால் நடுவில் 7 பைட் வீண். வரிசையை மாற்றினாலே பல நேரம் 512-க்குள் வந்துவிடும். பக்கத்துக்கு 8 கிடைக்கும். வராவிட்டால், ஆயிரக்கணக்கில் உருவாக்கும் ஆப்ஜெக்ட் என்றால், அதற்கென்றே, சரியாக அந்த அளவில் வெட்டிவைத்த தனி கேஷ் வைக்கலாம். ஜெஃப் பான்விக் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் எழுதி 1994-ல் வெளியிட்ட ஸ்லாப் அலோகேட்டரின் யோசனை இது.

(திரையில்: நான்கு சிபியு, நடுவில் ஒரு லாக்.)

சரி, வேகம். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டுதான் லாக். எல்லா சிபியுவும் ஒரே லாக்குக்கு முட்டிமோதினால் மெமரி எவ்வளவு இருந்தும் பயனில்லை. அதனால் லினக்ஸில் ஸ்லாப் யோசனையின் அடுத்த வடிவமான ஸ்லப் (SLUB) அலோகேட்டர் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி ஃப்ரீலிஸ்ட், அதாவது காலி ஆப்ஜெக்டுகளின் பட்டியல், வைத்தது. அடுத்த காலி ஆப்ஜெக்டின் முகவரி, காலி ஆப்ஜெக்டுக்குள்ளேயே இருக்கும்.

லாக் இல்லாமல் எடுக்கும்போது, நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு வேறு கோடை ஓடவைக்கும் இன்டரப்ட் நடுவில் வந்தால்? பட்டியலின் தலையில் 'அ', அடுத்து 'ஆ' என்று படித்துவிட்டோம். அதற்குள் இன்டரப்ட் இரண்டையும் எடுத்து, 'அ'வை மட்டும் திருப்பி வைக்கிறது. தலையில் மறுபடி 'அ'. எதுவுமே மாறாத மாதிரி இருக்கும். ஆனால் 'ஆ' வேறொருவர் கையில். இதைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு முறையும் ஏறும் ஓர் எண்ணை 2011-ல் சேர்த்தார்கள். தலை, எண் இரண்டும் படித்தபடியே இருந்தால்தான் மாற்றம் நடக்கும். அதுவும் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனில். இல்லையென்றால் முதலிலிருந்து. என்னைக் கேட்டால் கெர்னலிலேயே அழகான கோடுகளில் இது ஒன்று. கெர்னல் 6.18-இல் வந்த ஷீவ்ஸ் (sheaves) முறை இதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது; அது தனி வீடியோவுக்கான விஷயம்.

(திரையில்: டிரேஸ் வெளியீடு.)

கை வைக்கும் முன் அளந்து பாருங்கள். கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவுசெய்யும் இடம் டிரேஸ்பாயிண்ட். கேமாலாக்கின் டிரேஸ்பாயிண்ட், கேட்ட அளவு, கொடுத்த அளவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பெரும்பாலும் மெதுவாக ஓடுவது அலோகேட்டர் இல்லை, லூப்புக்குள் அதைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் நம் கோடுதான். அலோகேஷனை லூப்புக்கு வெளியே கொண்டுபோங்கள்.

அப்புறம், உடனே முழுசாக நிரப்பப் போகும் பஃபரைப் பூஜ்யம் போட்டுக் கேட்பதும் வீண் வேலை. ஆனால் யூசர் ஸ்பேஸுக்கு, அதாவது சாதாரண புரோகிராம்கள் ஓடும் பகுதிக்கு, நகலெடுக்கப்படும் ஸ்ட்ரக்டில் மட்டும் பூஜ்யத்தை நிறுத்தாதீர்கள். நாம் நிரப்பாத அந்த 7 பைட் இடைவெளி வழியாகப் பழைய கெர்னல் தரவு வெளியே கசிந்துவிடும்.