குழந்தையின் கையில் செய்தி கொடுத்து அனுப்பாதீர்கள்

வணக்கம்.

புதிதாக ஐஸ் ஸ்கேட்டிங் பயிற்சி கொடுக்க வந்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பெற்றோரும் சிலர் வந்திருக்கிறீர்கள். அடங்காத பிள்ளைகளைப் பற்றியும், சொன்ன சொல்லைக் காப்பாற்றாத பெற்றோரைப் பற்றியும் பேசச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். இரண்டு தலைப்பாகத்தான் எழுதிக் கொடுத்தார்கள். நான் ஒன்றாகவே பேசுகிறேன். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது அவளுக்கு 11 வயது. நல்ல கால். காற்றில் ஒரு சுற்று சுற்றி இறங்கும் ஜம்ப் ஐந்தும் வந்துவிட்டன, ஆக்ஸல் என்ற ஜம்ப் மட்டும் வரவில்லை. பெற்றோருக்காகச் சொல்கிறேன்: மற்ற ஜம்ப் எல்லாம் பின்னோக்கிப் போய்க்கொண்டே எழும்புவது. ஆக்ஸல் ஒன்றுதான் முன்னோக்கிப் பார்த்து எழும்புவது. இறங்குவது என்னவோ எல்லாவற்றிலும் பின்னோக்கித்தான். அதனால் ஆக்ஸலில் அரைச் சுற்று கூடுதல், மொத்தம் ஒன்றரைச் சுற்று. முன்னால் பார்த்துக்கொண்டே காற்றில் ஏறப் பயம் வரும். பல பிள்ளைகள் மாதக்கணக்கில் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இவளும் நின்றாள். ஆனால் மற்றவர்கள் அழுவார்கள், இவள் உதைப்பாள். விழுந்து எழுந்ததும் பூட்ஸின் அடியில் இருக்கிற பிளேடின் முன்பக்கப் பல்லால் ஐஸை ஓங்கிக் குத்துவாள். குழி விழும். பின்னால் வேகமாக வருகிற பிள்ளையின் பிளேடு அந்தக் குழியில் மாட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நின்ற இடத்தில் சுழலும் ஸ்பின்னைப் பழகு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காலை 6 மணி வகுப்புக்கு 6.20க்கு வருவாள். லேஸ் கட்ட இன்னும் பத்து நிமிடம். அப்புறம் ஒவ்வொரு முறை விழுந்ததும் ஒரே பேச்சு: "கோச், பிளேடு வழுக்குது."

"சாக்கு சொல்லாதே" என்பேன். மூன்று வாரம் அப்படியே சொன்னேன்.

ஒரு நாள் அவள் லேஸைக் கட்டி முடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். நேரம் போகிறதே என்று பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸை என் மடியில் வைத்துக் கட்டினேன். கட்டிக்கொண்டே, பழக்கத்தில், பிளேடின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே வைத்து இழுத்தேன். நல்ல விளிம்பாக இருந்தால் நகம் மெல்லிய தூளாகச் சீவிக்கொண்டு வரும். ஒன்றும் வரவில்லை. வழவழவென்று போனது. இடது பிளேடின் வெளி விளிம்பில் விரலைவிட்டுப் பார்த்தேன். சின்னச் சின்னப் பிசிறுகள். உறை போடாமல் கல் தரையில் நடந்த பிளேடு. அவள் ஆக்ஸலுக்கு எழும்புவது அந்த விளிம்பில்தான். உந்தும்போது பிடிக்க வேண்டிய விளிம்பு பிடிக்காமல் சறுக்கிக்கொண்டு போனால் யார்தான் சுற்ற முடியும்?

அவள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்கவில்லை.

பிளேடைச் சாணை பிடிக்க வேண்டும் என்று நான் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். யாரிடம் சொன்னேன்? அவளிடம். "அம்மாகிட்ட சொல்லிடு" என்றேன். அவள் அம்மாவும் அப்பாவும் வேறு வேறு வீட்டில் இருந்தார்கள். அம்மா அது அப்பாவின் வேலை என்று நினைத்தார். அப்பா அம்மா முடித்திருப்பார் என்று நினைத்தார். இதே மாதிரிதான் ஃபீஸும். "அப்பாகிட்ட சொல்லு, ரெண்டு மாசம் பாக்கி இருக்கு" என்று நானே அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்படிச் சொல்லி அனுப்பிய மறுநாளெல்லாம் அவள் தாமதமாக வந்திருக்கிறாள். என் வருகைப் பதிவைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏற்கெனவே செய்தி சுமந்துகொண்டிருந்த குழந்தையின் தலையில் மூன்றாவது மூட்டையை ஏற்றியது நான்.

இதற்காகத்தான் இன்று பேசவே ஒப்புக்கொண்டேன். ஃபீஸ், நேரம், பிளேடு, போட்டிப் பதிவு, இதில் எதையும் குழந்தையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். பெரியவர்கள் விஷயத்தைப் பெரியவர்களிடம் நேரே பேசுங்கள். பெற்றோர் ஃபோனை எடுக்கவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். அந்த அலுப்பு நம்முடையதாக இருக்கட்டும்.

நான் என்ன செய்தேன் என்றால், இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசினேன். சுலபமாக இருக்கவில்லை. யார் எந்தக் கிழமை அழைத்து வருவது, ஃபீஸ் எந்தத் தேதிக்குள், வர முடியாவிட்டால் எப்போது சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து எந்தத் தகவலும் இருவருக்கும் ஒரே வாசகமாக, ஒரே நேரத்தில் போகும். ஃபீஸ் நின்றால் வகுப்பும் நிற்கும் என்று தெளிவாகச் சொன்னேன். அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். கூச்சப்பட்டு மனத்துக்குள் வைத்துக்கொண்டால் அந்தக் கோபம் கடைசியில் குழந்தை மேல்தான் இறங்கும்.

பெற்றோரை வில்லனாக நினைக்கவும் வேண்டாம். விடியற்காலை ஐஸ் நேரம், வேலை, வீட்டில் இன்னொரு பிள்ளை, ஆறு மாதத்தில் சின்னதாகிவிடும் பூட்ஸ். முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு "சரி கோச், இந்த வாரம் செஞ்சிடறேன்" என்கிறவர்கள்தான் அதிகம். முடியாது என்று அவர்கள் தைரியமாகச் சொல்லும்படி நாம் நடந்துகொண்டால் பாதிப் பிரச்சினை குறைந்துவிடும். இவளுடைய பிளேடின் கணக்கை நானே வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பொதுவாக 20 முதல் 40 மணி நேர ஐஸுக்கு ஒரு முறை சாணை பிடிக்க வேண்டியிருக்கும். குறித்துவைக்க ஒரு நிமிடம் ஆகாது.

அவளிடமும் சொன்னேன். "பிளேடு பத்தி நீ சொன்னது சரி. நான் நம்பாதது என் தப்பு." உடனே அவள் மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். "சரி" என்று சொல்லிவிட்டு லேஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் ஐஸை உதைத்தாள். உதைப்பதற்கு மட்டும் ஒரு விதி வைத்தேன். குழி பறித்தவர் குழியை மூட வேண்டும். பிளேடால் சுரண்டி வெள்ளைத் தூளைக் குவித்து, குழிக்குள் போட்டு, தண்ணீர் விட்டு அழுத்த வேண்டும். திட்டமாட்டேன். நானும் பக்கத்தில் குனிந்து தூள் சுரண்டுவேன். முதல் வாரம் நான்கைந்து குழி மூடியிருப்போம். ஒரு நாள் குழியை அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் அவள் தானாகவே, "முன்னாடி பாத்து ஏறும்போது பயமா இருக்கு" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் மாதக்கணக்கில் கத்தியிருக்கிறேன்.

ஆபத்து சம்பந்தப்பட்ட விதிகளில் இம்மியும் விட்டுக்கொடுக்காதீர்கள். பயிற்சியில் யாருடைய ஆட்டத்துக்கான இசை ஓடுகிறதோ அவர்களுக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும் என்பது போன்றவை. மற்றதில் கொஞ்சம் கயிற்றை விடுங்கள். பிடிவாதம் எல்லாமே கெட்டது இல்லை. அமெரிக்க ஸ்கேட்டர் மிஷெல் குவான் 12 வயதில், 1992ல், தன் பயிற்சியாளர் ஃபிராங்க் கேரல் ஊரில் இல்லாத நேரம் பார்த்து சீனியர் பிரிவுக்கான தேர்வில் கலந்துகொண்டு தேறிவிட்டார். கேரலுக்குக் கடும் கோபம். ஆனால் அந்தப் பிடிவாதத்தோடு வேலை செய்ய அவருக்குத் தெரிந்திருந்தது. குவான் ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனார்.

இன்னொரு காட்சியும் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் 15 வயது கமிலா வலியேவா மீண்டும் மீண்டும் விழுந்து தளத்தை விட்டு வெளியே வந்தபோது, முதலில் காதில் விழுந்தது, ஏன் போராடுவதை விட்டுவிட்டாய் என்ற பயிற்சியாளரின் கேள்வி. அதே ஆண்டு ஜூன் மாதம், சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15லிருந்து படிப்படியாக 17க்கு உயர்த்த சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் வாக்களித்தது. நல்ல முடிவுதான். ஆனால் குழந்தை தடுப்பைத் தாண்டி வெளியே வரும்போது நம் வாயிலிருந்து வரும் முதல் சொல்லுக்கு எந்தச் சங்கமும் விதி எழுத முடியாது. நான் "தண்ணி குடி" என்பேன். மற்றதை மறுநாள் பேசுவேன்.

உடம்பு வளரும் காலத்தைப் பற்றிப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உயரம் கூடும்போது நேற்று வந்த ஜம்ப் இன்று வராது. ஜம்ப் போன பிறகு விளக்கினால் சமாளிப்பாகத் தெரியும்.

அவளுக்கு ஆக்ஸல் வந்தது. ஏழு வாரம் ஆனது. அடுத்த ஆண்டு உயரம் கூடியது, அது போனது. நான் முன்பே சொல்லியிருந்தும் அப்பா பொறுக்கவில்லை, வேறு பயிற்சியாளரிடம் மாற்றினார். ஒரு மாத ஃபீஸ் பாக்கி இருந்தது. அவரிடமே பேசினேன், இரண்டு தவணையில் கொடுத்தார். கடைசி நாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், எதுவும் பேசவில்லை. புதுப் பயிற்சியாளரை நானே ஃபோனில் கூப்பிட்டுக் குறிப்புகளைப் படித்துக் காட்டினேன். எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுவாள், எப்போது உதைப்பாள், அப்போது என்ன செய்யலாம், அம்மா எண், அப்பா எண், கடைசியாகச் சாணை பிடித்த தேதி. பிளேடு சரியில்லை என்று அவள் சொன்னால் முதலில் நகத்தை வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னேன்.