பிடிப்பதும் விடுவதும்

வணக்கம் நேயர்களே.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த இருளர் பெரியவர் வரப்பில் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எலி வளை ஒன்றின் வாயில், ஈர மண் எதனாலோ தேய்க்கப்பட்டது போல வழவழப்பாக இருந்தது. ஓரத்தில், விரல் நகம் அளவுக்குப் பாம்புச் சட்டையின் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல பாம்பு சார், உள்ளதான் இருக்குது" என்றார். கடப்பாரையால் கால் மணி நேரம் தோண்டியபின் அவர் சொன்ன பாம்பே வெளியே வந்தது. அதை அவர் பையில் போட்டாரா இல்லையா என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அவர் அந்தக் கால் மணி நேரத்தில் செய்த வேலைக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று பார்த்துவிடலாம்.

அதன் பெயர் வேட்டை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, அவற்றுக்கு முயல்வது, ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவது ஆகிய எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஒன்பதாம் பிரிவு இந்த வேட்டையைத் தடை செய்கிறது. பன்னிரண்டாம் பிரிவு கல்வி, ஆராய்ச்சி, அருங்காட்சியகம் போன்ற சில காரணங்களுக்காக உரிமம் தர இடமளிக்கிறது. அந்தப் பட்டியலில், உயிர் காக்கும் மருந்து தயாரிப்பதற்காகப் பாம்பு நஞ்சைச் சேகரிப்பது என்பது பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. நாடு முழுவதற்குமான ஒரு சட்டத்தில் இந்தச் சிறு வேலைக்குத் தனியிடம் கிடைத்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இந்த வேலைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இருளர்கள் முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். கைப்பை, செருப்பு, இடைவார் ஆகியவற்றுக்காக நம் நாட்டுப் பாம்புத் தோல் வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. சட்டம் வந்து, 1976இல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டபோது, பாம்புகளுக்கு நிம்மதி கிடைத்தது. ஆனால், அவற்றைப் பிடித்தே பிழைத்த குடும்பங்கள் திடீரென்று குற்றவாளிகளின் வரிசையில் நின்றன. பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு வகைகளையும் உரிமத்தின்பேரில் பிடித்து வந்து, மணல் போட்ட மண்பானையில் வைத்துத் துணியால் வாய்கட்டி, சில வாரங்களில் சுமார் நான்கு முறை நஞ்செடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விடுவதற்கு முன் வயிற்றுச் செதில் ஒன்றின் ஓரத்தை நறுக்கி அடையாளம் வைக்கிறார்கள். சில முறை சட்டை உரித்தபின் அந்த அடையாளம் மங்கிவிடும். அதுவரை அந்தப் பாம்பை மறுபடி பிடிக்கக் கூடாது என்பது வழக்கம். இந்தச் சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில், இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. கடிபட்டவருக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்து, குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. எங்கோ ஒருவர் ஒரு பாம்பைப் பிடித்தால்தான் அந்த மருந்து உருவாகும்.

இந்த நிலையில், 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், எந்த உயிருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று வகுக்கும் அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காகச் சுருக்கியது. அது 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் புலி, யானை இருக்கும் முதல் அட்டவணைக்கு உயர்ந்தன. கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆனால், முதல் அட்டவணை விலங்கைப் பிடிக்க உரிமம் தருவதற்கு முன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். மற்றவற்றுக்கு மாநில அரசின் ஒப்புதல் போதும். வரப்பில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் கோப்பு இனி டில்லி போய்த் திரும்பியாக வேண்டும். வயலில் எலி உள்ள இடமெல்லாம் வாழும் நல்ல பாம்பையும், எண்ணி எடுக்கக்கூடிய அளவில் மிஞ்சியிருக்கும் விலங்குகளையும் ஒரே தட்டில் வைத்தது சரிதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

நஞ்சுக்காகப் பாம்பு பிடிப்பதை எதிர்க்கும் தரப்பினரின் வாதத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கு என்று ஒரு கதவைத் திறந்தால், அதன் வழியே கள்ள நஞ்சு வியாபாரமும் நுழையும் என்கிறார்கள். தன் இடத்தை விட்டு வேறிடத்தில் விடப்படும் பாம்பு, வளையும் இரையும் தெரியாமல் அலைந்து மடியக்கூடும் என்கிறார்கள். இரண்டும் நியாயமான அச்சங்களே. அதுவும் இரண்டாவது அச்சம், சங்கத்தின் நண்பர்கள் சற்று அவசரமாகக் கடந்துபோகும் ஒன்று.

பிடிக்கவே கூடாது என்று நான் தயங்காமல் சொல்லும் இடமும் உண்டு. நட்சத்திர ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் மஞ்சள் கீற்றுகள் கதிர் கதிராக விரியும் அந்த ஆமை வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று யாரோ கிளப்பிவிட்ட நம்பிக்கையாலும், வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையாலும், பெட்டி பெட்டியாக அது நாட்டைவிட்டுக் கடத்தப்படுகிறது. கால்களை அசைக்க முடியாதபடி துணியில் சுற்றி, பயணப்பெட்டிக்குள் அடுக்கி விமானம் ஏற்றுகிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019இல் ஜெனீவாவில் கூடி, காட்டில் பிடித்தவற்றின் வணிகத்துக்கு இடமில்லாத முதல் பட்டியலுக்கு அதை மாற்றியது. பறிமுதல் செய்யப்பட்ட ஆமைகளை எங்கே விடுவது என்பது அடுத்த சிக்கல்; எந்த ஊர்ப் புதரிலிருந்து எடுத்தது என்று தெரியாமல் விட்டால், நோயும் பரவும், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் மரபும் கலந்துபோகும்.

அறிவியலின் பெயரால் சேகரிப்பதும் குற்றமற்றதன்று. நான் விலங்கியல் படித்த காலத்தில், செய்முறை வகுப்புக்கு ஓணான்கள் சாக்கில் வந்து இறங்கும். எங்கிருந்து, எத்தனை என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. இந்தோனேசியாவின் ரோட்டே தீவில் வாழும் பாம்புக் கழுத்து ஆமை தனி இனம் என்று 1994இல் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்ததுமே சேகரிப்பாளர்களிடம் அதன் விலை ஏறியது; பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காட்டில் அதைக் காண்பதே அரிதாகிவிட்டது. அதனால்தான், புதிய பல்லியையோ ஆமையையோ கண்டுபிடிக்கும் இன்றைய ஆய்வாளர்கள் சிலர், அது கிடைத்த இடத்தைத் துல்லியமாக வெளியிடத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சரி என்பதே என் கருத்து.

ஆகவே, தடையா அனுமதியா என்ற வழக்கமான பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. பிடிபட்ட உயிர் திரும்பப் போகிறதா, எங்கே போகிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்பதையே உரிமம் கேட்க வேண்டும். நஞ்சுக்கான உரிமத்தைத் தருவது மாநில அளவிலேயே விரைவாக முடியட்டும். அதற்கு ஈடாக, செதில் நறுக்கிய ஒவ்வொரு பாம்பும் பிடிபட்ட இடம், விடப்பட்ட இடம், மறுபடி அகப்பட்ட நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வெளியிடுவது உரிமத்தின் நிபந்தனையாகட்டும். எதிர்த்தரப்பினரின் இரண்டாவது அச்சத்துக்கு அந்தப் பதிவேடுதான் விடை சொல்ல முடியும்.

இனி அந்த வேர்க்கடலைக் கொல்லை. பெரியவர் ஒரு கையால் வாலைப் பிடித்து, மறு கையிலிருந்த கொக்கியால் பாம்பின் முன்பகுதியைத் தாங்கி, அதன் அடிவயிறு வெயிலில் தெரியுமாறு திருப்பினார். ஒரு செதிலின் ஓரத்தில் நறுக்கின தழும்பு இருந்தது. "நம்மதுதான் சார், ஏற்கெனவே வந்து போயிருக்குது" என்று சொல்லிவிட்டு, வரப்புக்கு அப்பால் இருந்த காரைப் புதருக்குப் பக்கத்தில் அதை இறக்கிவிட்டார். தோண்டிய மண்ணைக் காலாலேயே தள்ளி வளையை மூடினார். வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த வரப்புக்கு நடந்தார்.

நன்றி, வணக்கம்.