ஊசி போட்டு 4 வாரம் ஆனாலும் மருந்து உள்ளேதான் இருக்கிறது

அடுத்தது, ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். "மகனுக்கு மாதம் ஒருமுறை சேலத்தில் ஹாலோபெரிடால் டெக்கனோயேட் ஊசி போடுகிறோம். மலை இறங்கும்போது பஸ்ஸில் வாந்தி எடுக்கிறான். மெடிக்கலில் வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? போன ஊசி போட்டு 4 வாரம் ஆகிறது, மருந்து தீர்ந்திருக்கும்தானே?"

தீர்ந்திருக்காது அம்மா. மனநோய்க்கான இந்த மருந்தை நல்லெண்ணெயில் கரைத்துத்தான் ஊசியாக்குகிறார்கள். ஆமாம், எள் எண்ணெயேதான், சுத்திகரித்தது. சதைக்குள் போனதும் அதிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ரத்தத்தில் சேரும். அதன் அளவு பாதியாகவே சுமார் 3 வாரம் பிடிக்கும். மாத்திரை என்றால் அட்டையைக் கடைக்காரரிடம் காட்டுவோம். ஊசியை நாமே மறந்துவிடுகிறோம், அங்கேதான் சிக்கல்.

சரி, வாந்தி மாத்திரைக்கு வருவோம். மெட்டோகுளோப்ரமைடு, பெரினார்ம் என்று விற்பது, அது வேண்டாம். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுப்பதுதான் ஊசியின் வேலை, அந்த மாத்திரையும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் கை நடுங்கலாம், உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கலாம். கழுத்து ஒரு பக்கம் இழுத்தாலோ கண் மேலே செருகினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஹாலோபெரிடாலே வாந்தியை அடக்குகிற மருந்துதான். அது உடம்பில் இருந்தும் வாந்தி வருகிறதே என்றால், அந்த 20 கொண்டை ஊசி வளைவில் தடுமாறுவது உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உள்காது. அதற்கு டோபமைனைத் தடுத்துப் பெரிய பலன் இல்லை.

அவோமின் பயண வாந்திக்குக் கேட்கும். ஆனால் தூக்கத்தைக் கூட்டும். ஊசியோடு, நடுக்கத்தைக் குறைக்கும் பேசிடேன் மாத்திரையும் கொடுத்திருந்தால் வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு இன்னும் அதிகமாகலாம். ஊசி போடும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபைன் இரண்டும் ஊசி மருந்தைக் கல்லீரல் வேகமாக அழிக்கும்படி செய்துவிடும். ஊசி கேட்கவில்லை என்று வீட்டில் நினைப்போம். கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசின் சேர்ந்தால் இதயத் துடிப்பின் சீர் கெடலாம், அதையும் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது மருந்தின் பெயர், அளவு, தேதியை ஒரு சீட்டில் எழுதி வாங்கி மகனின் பர்ஸில் வையுங்கள். அப்புறம், பஸ்ஸில் முன் சீட் பிடியுங்கள், வளைவுகள் முடியும்வரை போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.